நாலு விரல் குட்டை

அத்தியாயம் 7

"அக்கா, செத்துப்போன காடிக்கும் திருஷ்டி கழிப்பாங்களா?" என்று கேட்டான் இக்மல்.

சுபாஷினி டார்ச்சை வாயில் கடித்தபடி வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். தாசேக் கெலுகோர் சாலையோரம், விபத்தில் சிக்கிய வண்டிகளை இழுத்துவந்து போடும் முற்றம் அது. மதிய வெயிலில் சுற்றியிருந்த தகரமெல்லாம் கொதித்தது. காவலுக்கு இருந்த நாய்கூட ஒரு லாரியின் நிழலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அவளுடைய உதவியாளன் இக்மல் மட்டும் நின்றுகொண்டு பேசினான். நிற்பதும் பேசுவதும் அவனுக்கு நன்றாக வரும்.

இக்மல் காடி என்று சொன்ன வண்டி ஒரு பழைய ஜிம்னி. நான்கு சக்கரங்களும் இழுக்கும் குட்டி வண்டி. காட்டுத் தடத்தில் ஓட்டுவதற்காக அதன் ஸ்பிரிங்குகளை மாற்றி உயரத்தை ஏற்றியிருந்தார்கள். பட்டை பட்டையாகப் பல் வைத்த சேற்று டயர்கள், சிக்கிக்கொண்டால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள முன்பக்கம் ஒரு வின்ச். இவ்வளவு அலங்காரமும் ஒரே ஒரு காலைக்குத்தான் பயன்பட்டது. ஞாயிற்றுக்கிழமை முதல் சோதனை ஓட்டம். செம்பனைத் தோட்டத்துச் சரிவில் இறங்கும்போது பிரேக் விட்டுப்போய், வண்டி வடிகாலில் கவிழ்ந்தது. ஓட்டிய கோகுலனுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. திரும்ப நடப்பானா என்று கேட்டால் டாக்டர்கள் கூரையைப் பார்க்கிறார்கள்.

சுபாஷினி முதுகால் நகர்ந்து வெளியே வந்தாள். முன்பு காப்புறுதிக் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்வையிட்டவள். இப்போது பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம். வேலை மாறினாலும் முதுகில் ஒட்டும் கிரீஸ் மாறவில்லை.

"வலது பக்கம் பிரேக் ஹோஸ் நீளம். இடது பக்கம் குட்டை. அதுதான் பிய்ஞ்சிருக்கு," என்றாள், பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயைக் காட்டி.

"எவ்வளவு குட்டை?"

அவள் நான்கு விரல்களைச் சேர்த்துக் காட்டினாள்.

"நாலு விரலுக்கா ஒரு மனுசன் இடுப்பு போச்சு?"

"வண்டிய உசத்துனா அச்சு இன்னும் கீழ தொங்கும். பள்ளத்துல ஒரு சக்கரம் முழுசா இறங்குறப்ப பிரேக் ஹோஸும் கூடவே இறங்கணும். பழைய ஹோஸ் எட்டாது. இழுத்துப் பிச்சிக்கும்."

"புரியுது. சின்னப் பிள்ள கைலிய கட்டிக்கிட்டு பெரிய ஆளு குந்துன மாதிரி."

"ஏறக்குறைய."

"எங்க வாப்பாவுக்கு ஒரு கல்யாண வீட்டுல நடந்துச்சுக்கா. சத்தம் பந்தி முழுக்கக் கேட்டுச்சு."

கைப்பேசி அடித்தது. துளசி. கோகுலனின் மனைவி. இந்த வேலையைக் கொடுத்தவளும் அவள்தான். பள்ளியில் சுபாஷினியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டவள்.

"சுபா, பாத்துட்டியாடி?"

"பாத்துட்டேன். குட்டை ஹோஸ்தான்."

"நீ அப்பவே சொன்னியே, உசத்துன வண்டிக்குக் குட்டை ஹோஸ் எமன்னு. அந்தப் பட்டறைக்கார ஹைருல் ஒண்ண மாத்திட்டு இன்னொண்ண அப்படியே விட்டுட்டான். நாளைக்குக் காலையில அவன போலீஸ்ல கூப்பிட்டிருக்காங்க. உன் ரிப்போர்ட் கையெழுத்தோட இன்னிக்கே வேணும்."

"சாயங்காலம் வரேன்."

"வா. இவரு அவன் பேர எடுத்தாலே முகத்தத் திருப்பிக்கிறாரு. பாவம்டி."

சுபாஷினி கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். அவள் கையெழுத்து ஒன்று விழுந்தால் போதும். ஹைருல் நாளை உள்ளே போவார். போகாவிட்டாலும் தொழில் போகும். காட்டுத் தட வண்டிக்காரர்கள் குழுவில் அவர் படத்தைப் போட்டு ஏற்கெனவே கொலைகாரன் என்று எழுதிவிட்டார்கள். செபராங் ஜெயாவில் இருக்கும் அவருடைய பட்டறைக்கு மூன்று நாளாக ஒரு வண்டியும் வரவில்லை.

"இது என்னக்கா, இவ்வளவு அடி பட்டும் இது மட்டும் நசுங்கல," என்றான் இக்மல். முன் பம்பருக்குக் கீழே, இழுவைக் கொக்கியில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாய்களும் கோர்த்த திருஷ்டிக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அவன் பழத்தை இரண்டு விரல்களால் அழுத்தினான்.

பழம் வெடித்துச் சாறு பீய்ச்சியது.

"அலாமாக்! கண்ணு! என் கண்ணு!"

"சாமி பொருள சும்மா கிள்ளுவியா?"

"மனுசன் கண்ணு படக்கூடாதுன்னு கட்டுறாங்க. இது என் கண்ணத் தேடி வந்து அடிக்குதுக்கா!"

அவன் துள்ளிக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினான். சுபாஷினி சிரித்தாள். சிரித்தபடியே குனிந்து மிளகாய்களைப் பார்த்தாள். பச்சைப் பசேலென்று இருந்தன. அப்போது அவளுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டாள்.

*

ஹைருல் பட்டறை வாசலில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி, சட்டை முழுக்க எண்ணெய்க் கறை. வேலை இல்லாத நாளிலும் வேலைச் சட்டையைத்தான் போட்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இக்மலின் சிவந்த கண்ணைப் பார்த்தார். கேட்கவில்லை.

"தங்கச்சி, நான் ரெண்டு பக்கமும் நீளந்தான் போட்டேன். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

"கழட்டுன பழைய ஹோஸ் என்ன பண்ணீங்க?"

"கழட்டுன சாமானெல்லாம் பெட்டியில போட்டு வண்டிக்காரங்ககிட்டயே கொடுத்துருவேன். அது என் வழக்கம். கோகுலனுக்கும் கொடுத்தேன். ரெண்டு ஹோஸும் அதுல இருந்துச்சு."

இக்மல் தொண்டையைச் செருமினான். "அண்ணே, காலையில ஜெலுத்தோங்ல கோகுலண்ணன் வீட்டுக்குப் போய் அந்தப் பெட்டியப் பாத்தேன். பழைய ஸ்பிரிங் இருக்கு, போல்ட்டு நட்டு இருக்கு. ஹோஸ் ஒண்ணுதான் இருக்கு."

ஹைருல் அவனையே பார்த்தார். கோபம் இல்லை. ஒரு மனிதன் எத்தனை தடவை விழுவான் என்று எண்ணிக்கொண்டிருப்பவரைப்போல இருந்தது அந்தப் பார்வை.

"அப்ப நானும் பொய்யன்," என்றார்.

"அவசரப்படாதீங்க," என்றாள் சுபாஷினி. "நீங்க ஒண்ணுதான் மாத்தியிருந்தா பெட்டியில ஒண்ணு இருக்கும். நீங்க ரெண்டையும் மாத்தி, வேற யாரோ பெட்டியிலேருந்து ஒண்ண எடுத்துத் திரும்ப வண்டியில மாட்டியிருந்தாலும் பெட்டியில ஒண்ணுதான் இருக்கும். பெட்டி யாரு பக்கமும் இல்ல. வண்டிய சோதிக்காமயா கொடுத்தீங்க?"

ஹைருல் பட்டறைக்கு வெளியே கையைக் காட்டினார். இரும்புத் தகட்டால் செய்த சாய்வு மேடை ஒன்று வெட்டவெளியில் நின்றது. "அதுல ஒரு சக்கரத்த மட்டும் ஏத்துவோம். மத்த சக்கரம் எவ்வளவு தொங்குது, எது இடிக்குது, எது இழுக்குதுன்னு நின்ன இடத்துலயே தெரிஞ்சிரும். சனிக்கிழமை வண்டி முடியுறப்ப பேய் மழை. ஞாயித்துக்கிழமை காலையில வா, மேடையில ஏத்திப் பாத்துட்டு தோட்டத்துக்குப் போவோம்னு சொன்னேன். சரின்னான்."

"வரல?"

"நான் மேடைய கழுவி வெச்சுக்கிட்டு நிக்கிறேன். போன் வருது. 'டேய், நான் நேரா தோட்டத்துக்குப் போயிட்டேன், நீ இங்க வந்துரு'ன்னு சிரிக்கிறான். பத்து வருசப் பழக்கத்துல அவன் மேடைய விட்டுட்டுப் போனது அன்னிக்கு ஒரு தடவதான். நான் போய்ச் சேர்றதுக்குள்ள வண்டி வடிகால்ல."

"இதெல்லாம் கோகுலன்கிட்ட சொன்னீங்களா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ள விட வேணாம்னு சொல்லிட்டானாம்." ஹைருல் கைகளைத் துணியில் துடைத்தார். கைகளில் துடைக்க ஒன்றும் இல்லை. "திட்டியிருக்கலாம். 'டேய், நீயாடா இப்படிச் செஞ்ச'ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்கவே இல்ல."

இக்மல் பேச்சை மாற்றப் பார்த்தான். "வண்டி முடிஞ்சப்ப போட்டோ எடுத்தீங்களாண்ணே?"

ஹைருல் கைப்பேசியை நீட்டினார். சனிக்கிழமை, வண்டியைக் கொடுக்கும் முன் எடுத்த படம். மழையில் நனைந்த ஜிம்னி, புது உயரத்தில், பெருமையாக நின்றது. சுபாஷினி விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். சக்கரம். வின்ச். பம்பர். இழுவைக் கொக்கி.

அங்கே நிறுத்தினாள்.

கொக்கியில் தொங்கிய எலுமிச்சம்பழம் ஜாதிக்காய்போலச் சுருங்கிக் கறுத்திருந்தது. மிளகாய்கள் காய்ந்து வளைந்த நகங்கள்போல இருந்தன.

"இந்தத் திருஷ்டிக் கயிறு எப்போதிலேருந்து இருக்கு?"

"வண்டி வேலைக்கு வந்தப்பவே இருந்துச்சு. ஒரு மாசத்துக்கு மேல ஆயிருக்கும். நான் தொடல தங்கச்சி. அது உங்க சாமி சமாச்சாரம். முன்பக்கம் வேல செய்யுறப்ப எண்ணெய் படக்கூடாதுன்னு பிளாஸ்டிக் பைய சுத்தி வெச்சேன். கொடுக்கும்போதுதான் பிரிச்சேன்."

இக்மல் தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அக்கா. அந்தப் பழத்துல சாறே இல்லையே."

"அதான்," என்றாள் சுபாஷினி.

*

பினாங்குத் தீவுக்குப் போகும் பாலத்தின் மேல் வண்டிகள் நகர்ந்தன. இக்மல் ஓட்டினான். சுபாஷினி இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"சரி, பழத்த மாத்துனாங்க. சாமி கும்பிடுறவங்க மாத்துவாங்கதானே? இதுல என்ன குத்தம்?"

"மாத்துனது குத்தமில்ல. மாத்துனேன்னு ஒருத்தரும் சொல்லாததுதான். அந்த வண்டிய சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வந்ததுக்கு அப்புறம் யாருமே தொடலன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. வண்டி போர்ச்சுலதான் நின்னுச்சு, கேட்டு பூட்டியிருந்துச்சு."

"ஆனா ஹோஸ மாத்துறவன் பழத்த எதுக்குக்கா மாத்துறான்? பிரேக்க அறுத்துட்டு திருஷ்டி கழிக்கிறானா? குத்துறவன் பிளாஸ்திரியும் கையோட கொண்டு வந்த மாதிரி இருக்கு."

"முன்சக்கரத்த தூக்க ஜாக்கி எங்க வைப்ப?"

"முன்னாலேருந்து உள்ள தள்ளுவேன்."

"கயிறு எங்க தொங்குது?"

இக்மல் விசிலடித்தான். "ஜாக்கியில மாட்டி அறுந்துருச்சு!"

"ஒரு மாசத்துக்கு மேல தொங்கி மக்கிப்போன கயிறு. விழுந்துருச்சு. கோகுலன் வண்டி எடுக்குறப்பலாம் அதத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் ஏறுவான். அது இல்லன்னா உடனே தெரிஞ்சிரும். கொக்கியில திரும்பக் கட்டியாகணும். நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

"விழுந்தத எடுத்து ஒரு முடிச்சு போட்டு மாட்டிருவேன்."

"ஹைருலண்ணன்?"

"அவரும்தான். பழசுக்கும் புதுசுக்கும் எங்களுக்கு என்ன தெரியும்? எங்க வீட்டுல எலுமிச்சம்பழம்னா ஊறுகாதான்."

"அப்ப, விழுந்ததத் திரும்பக் கட்டக்கூடாதுன்னு பயந்த ஒரு ஆளு. ஹோஸ மாத்துறப்ப கை நடுங்கல. பழத்தக் கட்டுறப்ப நடுங்கியிருக்கு."

இக்மல் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

சுபாஷினி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாசேக் கெலுகோரில் துளசியின் அப்பா லாரி வைத்திருந்தவர். பள்ளி விடுமுறைக்கு சுபாஷினியும் அங்கே போயிருக்கிறாள். ஒரு நாள், கீழே விழுந்த திருஷ்டிக் கயிற்றை ஒரு டிரைவர் எடுத்துத் திரும்பக் கட்டினார். துளசியின் அப்பா அவரை எல்லோர் முன்னாலும் அறைந்தார். விழுந்ததைத் திரும்பக் கட்டினால் வண்டி ஆள் பலி கேட்குமாம். அந்த வீட்டில் மட்டும் இருந்த பயம் அது. வேறு எங்கும் அவள் அதைக் கேட்டதில்லை.

"அக்கா, யாருன்னு தெரிஞ்சிருச்சா?"

"வேகமா ஓட்டு."

"முன்னால லாரிக்கா."

"அப்ப மெதுவா ஓட்டு. அவசரமில்ல," என்றாள். உண்மையிலேயே அவளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர அவசரம் இல்லாமல் போயிருந்தது.

*

ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில் கோகுலன் கிடந்தான். இடுப்பிலிருந்து கீழே அவன் உடம்பு கம்பிகளுக்குச் சொந்தமாகிவிட்டது. பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். பேச்சிலேயே ஒரு துள்ளல் இருக்கும். இப்போது துள்ளல் கண்ணில் மட்டும் மிச்சம் இருந்தது. துளசி கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"கோகுலா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு மேடைக்குப் போகாம ஏன் நேரா தோட்டத்துக்குப் போன?"

அவன் கூச்சத்தோடு சிரித்தான். "சொன்னா சிரிப்ப, சுபா."

"சொல்லு."

"துளசிக்கு இந்த வண்டியே ஆகாது. உனக்குத் தெரியும். நான் கம்பெனி வேலைய விட்டுட்டு ஹைருல்கூட சேர்ந்து பட்டறைய நடத்தப் போறேன்னு சொன்னதுலேருந்து ஒரு மாசமா மொகம் குடுத்துப் பேசல. அன்னிக்குக் காலையில வண்டி எடுக்கப் போறேன். கும்பிடலாம்னு தொட்டா, புதுப் பழம்! பச்ச மிளகா, புதுக் கயிறு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு சுபா. வாய்விட்டுச் சொல்ல மாட்டா. ஆனா மனசு எறங்கி எனக்காக மாத்திக் கட்டியிருக்கா. போயிட்டு வான்னு சொல்ற மாதிரி. அந்தச் சந்தோசத்துல மேடையாவது ஒண்ணாவதுன்னு நேரா தோட்டத்துக்குப் போயிட்டேன்."

இக்மல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவகிட்ட இதச் சொன்னியா?"

"இல்ல. சொன்னா வெக்கப்படுவா." பிறகு அவன் முகம் இறுகியது. "அந்த நாயி மட்டும் ஹோஸ ஒழுங்கா மாத்தியிருந்தா... விடு. அவனப் பத்திப் பேசாத."

*

துளசி மருந்துப் பையோடு நடைபாதையில் வந்தாள். சுபாஷினியைக் கண்டதும் நடை வேகமானது.

"ரிப்போர்ட்டாடி?"

"உக்காரு."

"நின்னே பேசுறேன். அவருக்கு மாத்திர கொடுக்கணும்."

"பழைய கயிறு ஜாக்கியில மாட்டி அறுந்துச்சா, இல்ல நீ குனியுறப்ப தோள்ல இடிச்சு அறுந்துச்சா?"

துளசி என்ன கயிறு என்று கேட்டிருந்தால் சுபாஷினி இன்னும் ஒரு நிமிடம் அவளை நம்பியிருப்பாள். துளசி பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஜாக்கியில," என்றாள்.

இக்மல் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

"பழைய ஹோஸ பெட்டியிலேருந்து எடுத்தியா?"

"சனிக்கிழமை ராத்திரி அவரு பயணத்துக்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தாரு. அப்பா பட்டறையில நான் லாரிக்கே பிரேக் வேல பாத்தவ. இந்தக் குட்டி வண்டி எம்மாத்திரம்? மாட்டி, பிரேக்குல காத்து எடுத்து, கழுவிக்கூட வெச்சேன்."

"எதுக்கு?"

"பத்து வருசமா ஞாயித்துக்கிழமைன்னா எனக்குப் புருசன் கெடையாது, சுபா. காடு, சேறு, ஹைருல். இப்ப வேலையையும் விட்டுட்டு முழுசா அவன்கூடப் போறேங்கிறாரு. கெஞ்சிப் பாத்தேன். சண்ட போட்டேன். அவரு கேக்கல. ஹைருல் மேல அவருக்கு ஒரு தடவ நம்பிக்க போனாப் போதும்னு நெனச்சேன். காலையில மேடையில ஏத்துவாங்க. நின்ன இடத்துலயே ஹோஸ் பிய்யும், எண்ணெய் ஒழுகும். என் உசுரோட வெளையாடுறியான்னு அவரு அவன் சட்டையப் பிடிப்பாரு. அதோட முடியும். அவ்வளவுதான் என் கணக்கு. எப்பவும் மேடைக்குப் போறவரு அன்னிக்கு மட்டும் ஏன் போகலன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியலடி."

சுபாஷினிக்குத் தெரியும். சொல்லலாமா என்று நினைத்தாள். அது அவள் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

"என்னை ஏன் இதுல கூப்பிட்ட?"

துளசி பையின் கைப்பிடியை முறுக்கினாள்.

"சரி, நானே சொல்றேன். அன்னிக்கு உன் வீட்டு சமையல்கட்டுல உக்காந்து, 'உசத்துன வண்டியில எதுடி ரொம்ப ஆபத்து'ன்னு கேட்ட. நான் தேத்தண்ணி குடிச்சுக்கிட்டே பாடம் எடுத்தேன். குட்டை ஹோஸப் பாத்தா நான் ஒரே பக்கந்தான் கை காட்டுவேன்னு உனக்குத் தெரியும். பட்டறைக்காரன் தப்புன்னு எழுதி கையெழுத்து போடுவேன். நீ துப்பறியக் கூப்பிடல. முத்திர குத்தக் கூப்பிட்டிருக்க."

"உன்ன விட்டா யாருடி எனக்கு இருக்கா?"

"அதத்தான் நானும் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

துளசி அவள் கையைப் பிடித்தாள். பிடி இறுக்கமாக இருந்தது. ஒரு காலத்தில் லாரி நட்டைத் திருகிய கை. "சுபா, கேளு. அவரு எழுந்து நடப்பாரான்னு தெரியல. இப்ப இதச் சொன்னா அவருக்கு யாரு இருப்பா? யாரு தூக்கி விடுவா, யாரு கழுவி விடுவா? நான் போயிட்டா அவரு அநாதடி. ஹைருல் வேற ஊருக்குப் போய் வேற பட்டறை போட்டுக்குவான். அவனுக்கு கையில தொழில் இருக்கு."

அவள் சொன்னதில் பாதி நிஜம். அதுதான் சுபாஷினிக்கு எரிச்சலாக இருந்தது.

"செய்யாத தப்புக்கு ஹைருலண்ணன் நாளைக்கு ஸ்டேஷன்ல போய் நிக்கணும். அதுக்கு நான் கையெழுத்து போடணும்."

"நம்ம ரெண்டு பேருக்குள்ள..."

"நம்ம ரெண்டு பேருக்குள்ள இருந்தத நீ அந்தக் குட்டை ஹோஸோட சேத்து மாட்டிட்ட," என்றாள் சுபாஷினி. கையை விடுவித்துக்கொண்டாள். "உள்ள போய் நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னா ஹோஸ் மட்டுந்தான் சொல்லத் தெரியும். நீ சொன்னா காரணமும் சொல்லலாம்."

துளசி எழுந்தாள். மருந்துப் பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வார்டுக்குள் போனாள். திரைச்சீலையை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

இக்மல் பையை எடுத்து வாசல் நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தான். "மாத்திர நேரத்துக்குக் கொடுக்கணும்லா," என்றான், யாரும் கேட்காமலே.

உள்ளிருந்து முதலில் துளசியின் குரல் மட்டும் வந்தது. வார்த்தை புரியவில்லை. நடுவில் கோகுலன் ஒரே ஒரு தடவை ஏதோ கேட்டான். அதற்குப் பிறகு துளசி அழ ஆரம்பித்தாள். அவன் என்ன கேட்டிருப்பான் என்று சுபாஷினி ஊகிக்க விரும்பவில்லை. லிஃப்ட் பக்கம் நடந்தாள்.

*

வார்டுக்குள் விடாவிட்டாலும் ஹைருல் தினமும் வந்து கீழே கார் நிறுத்துமிடத்தில் நிற்பார் என்று காவலாளி சொல்லியிருந்தான். இன்றும் வந்திருந்தார். தன் பிக்கப் வண்டியின் கதவில் சாய்ந்துகொண்டு நான்காவது மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுபாஷினி சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஹோஸை மாற்றியது யார், ஏன், எப்படித் தெரிந்தது எல்லாம்.

"துளசியா?" என்று மட்டும் கேட்டார் ஹைருல், எல்லாம் முடிந்த பிறகு. "வருசா வருசம் நோன்புக்கு என் வீட்டுக்கு வந்து கஞ்சி வாங்கிட்டுப் போவும். இந்த வருசமும் வந்துச்சு."

"நாளைக்கு நீங்க ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடியே என் ரிப்போர்ட் அங்க இருக்கும். நானும் வரேன். உங்க மேல ஒண்ணும் வராது."

"சரி தங்கச்சி."

நன்றி சொல்லத் தொடங்கினார். அதற்குள் அவர் கைப்பேசி அடித்தது. திரையில் கோகுலன் பெயரும், சேற்றில் நனைந்து பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் ஒரு முகமும் வந்தன. ஹைருல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடுங்கண்ணே," என்றான் இக்மல். "மன்னிப்பு கேக்கத்தான் கூப்பிடுறாரு."

"கேப்பான். தெரியும்."

"அப்புறம் என்ன? செஞ்சது அந்தக்கா. அவரு என்ன பண்ணுவாரு?"

ஹைருல் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். அது அங்கேயும் அடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, ஹோஸ மாத்துனது துளசி. நான் ஒழுங்கா மாத்தலன்னு நம்புனது அவன். அத யாரும் அவனுக்கு அடியில படுத்து மாட்டி விடல."

அவர் பிக்கப்பில் ஏறினார். கதவைச் சாத்துவதில்கூடக் கோபம் இல்லை. வண்டி மெல்லப் பின்னால் வந்து, திரும்பி, வாசலை நோக்கிப் போனது.

துளசி ஆசைப்பட்டது கடைசியில் நடந்துவிட்டது என்று சுபாஷினிக்கு உறைத்தது. உண்மை வெளியே வந்தும்கூட.

அவளுடைய கைப்பேசி அடித்தது.

"சுபா," கோகுலனின் குரல் உடைந்திருந்தது. "ஹைருல் போன எடுக்க மாட்டேங்கிறான். கீழதான் நிப்பான்னு நர்ஸ் சொல்லுது. கொஞ்சம் பாரேன். இருக்கானா?"

பிக்கப்பின் பின்விளக்கு வாசலில் ஒரு தடவை சிவந்து, பாலத்துக்குப் போகும் சாலையில் திரும்பி மறைந்தது.

"இருந்தாரு," என்றாள் சுபாஷினி.